கொள்ளு வாளியிலிருந்து நார்த்தீவனத்துக்கு: புதிதாகக் குதிரை வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

கொங்குப் பகுதியில் குதிரை வாங்கும் பெரும்பாலானோருக்கு, வாங்கிய அன்றே வாய்மொழியாகக் கிடைக்கும் தீவனப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்: அவித்த கொள்ளு, கோதுமைத் தவிடு, மேலே ஒரு கட்டி வெல்லம், வயிறு நிரம்ப வைக்கோல் அல்லது சோளத்தட்டை. நாள் முழுவதும் உழைத்த வண்டிக்குதிரைக்கு இந்தப் பட்டியல் ஓரளவு பொருந்தியிருக்கலாம். வாரத்தில் ஓரிரு நாள் சவாரி, மற்ற நாளெல்லாம் லாயத்தில் நிற்பது என்று வாழும் குதிரைக்கு இது பொருந்தாது. பிடரியில் கொழுப்பு மேடு கட்டுவது, அடிக்கடி வயிற்றுவலி வருவது, லேமினைடிஸ் எனப்படும் குளம்பு அழற்சி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இந்த வாளியே வழி திறந்துவிடுகிறது.

எங்கள் குதிரைகளைச் சர்க்கரை குறைந்த, நார் மிகுந்த தீவனத்துக்கு மாற்ற முயன்றபோது இரண்டு தடைகள் எதிர்ப்பட்டன. தமிழில் கிடைத்த தீவனக் குறிப்புகள் எல்லாம் மாட்டுக்கானவை. ஆங்கிலத்தில் கிடைத்தவையோ குளிர்நாட்டுப் புல்லை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே புல்லில் உள்ள சர்க்கரைதான் முதல் கவலை. இங்கே வளரும் வெப்பநாட்டுப் புற்களில் சர்க்கரை பொதுவாகக் குறைவு. நம் குதிரைக்குச் சர்க்கரையும் மாவுச்சத்தும் வாளி வழியாகத்தான் போகின்றன. ஆகவே வாளியைக் குறைப்பது நமக்கு எளிய பாதி. எந்தப் புல்லைக் கொடுப்பது, அதன் சுண்ணாம்புச்சத்தை (கால்சியத்தை) எப்படிச் சமன் செய்வது என்பதே கடினமான பாதி. கீழே உள்ள படிகள் இந்த இரண்டு பாதிகளையும் கையாளுகின்றன.

1. தீவனத்தைத் தொடுவதற்கு முன் ஒரு கோப்பு

ஒரு நோட்டும் ஒரு கோப்பும் வாங்குங்கள். விற்றவர் இதுவரை என்ன கொடுத்தார், எத்தனை வேளை, எந்த அளவு என்பதை அவரிடமே கேட்டு முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தையில் வாங்கியிருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனெனில் சந்தைக்கு வரும் குதிரையை முந்தைய வாரங்களில் மினுமினுப்புக்காகக் கூடுதலாக ஊட்டியிருக்க வாய்ப்புண்டு. உடல்நலச் சான்று, கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான பரிசோதனை அறிக்கை, குடற்புழு நீக்கிய தேதி, லாடம் அடித்த தேதி ஆகியவை அதே கோப்பில் இருக்கட்டும். பின்னாளில் தீவனப் பரிசோதனை அறிக்கையும், புல் வாங்கிய ரசீதுகளும் அங்கேயே சேரும்.

புதிதாக வந்த குதிரைக்கு முதல் ஒரு வாரம் பழைய தீவனத்தையே கொடுங்கள். பயணம், புதிய இடம், புதிய தண்ணீர் ஆகிய மூன்றும் ஏற்கெனவே அதன் குடலைச் சோதித்துக்கொண்டிருக்கும்.

2. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

முதலில் பல். நார்த்தீவனம் என்றாலே நீண்ட நேரம் அரைத்துத் தின்பது; கடைவாய்ப்பல் கூர்முனை விட்டிருந்தால் குதிரை புல்லைச் சுருட்டிச் சுருட்டிக் கீழே துப்பும். பல்லைப் பார்க்காமல் தீவனத்தை மாற்றினால், புல் பிடிக்கவில்லை என்று தவறாக முடிவெடுத்துவிடுவோம். அடுத்து, லத்தியில் புழு முட்டைப் பரிசோதனை. மூன்றாவதாகக் குளம்பு. முன்கால்களைத் தூக்கித் தூக்கி மாற்றி வைப்பது, பின்னுக்குச் சாய்ந்து நிற்பது, கல் தரையில் திரும்பத் தயங்குவது, குளம்பு சூடாக இருப்பது, கணுவுக்குக் கீழே நாடி வலுவாகத் துடிப்பது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.

பிடரிக் கொழுப்பு கெட்டியாக இருந்தால் ரத்தத்தில் இன்சுலின் அளவு பார்க்கச் சொல்லலாம். அதற்கு ரத்தம் எடுக்கும் நாளில் காய்ந்த புல் தின்றுகொண்டிருக்கலாம். ஆனால் தானியம் ஊட்டிய நான்கு மணி நேரத்துக்குள் எடுக்கக் கூடாது. இதை மாதிரி எடுக்க வருபவரிடம் நீங்களே நினைவூட்டுங்கள்.

3. எடையை அளந்து, புல்லின் அளவைக் கணக்கிடுதல்

எடை தெரியாமல் தீவனம் கணக்கிட முடியாது. எடைமேடை தேவையில்லை. முன்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 155, நீளம் 160 என்றால் எடை சுமார் 324 கிலோ. தையல் டேப் 150 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். இரும்பு டேப்பின் ஓசைக்குப் பல குதிரைகள் மிரளும். ஒரு பருத்திக் கயிற்றைச் சுற்றிப் பிடித்து, முனை தொட்ட இடத்தில் முடிச்சிட்டு, கயிற்றைத் தரையில் வைத்து அளப்பதே நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளக்கட்டும்.

நாளொன்றுக்குக் குதிரைக்குத் தேவையான நார்த்தீவனம், ஈரம் நீக்கிய உலர் கணக்கில், உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு. 324 கிலோ குதிரைக்கு 2 விழுக்காடு என்பது ஏறக்குறைய 6.5 கிலோ உலர் எடை. காய்ந்த புல்லில் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும் என்பதால் தராசில் 7.2 கிலோ நிறுக்க வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதே சத்துக்கு 32 கிலோ வேண்டும். “ஒரு கட்டு புல் போட்டேன்” என்று சொல்லும்போது உண்மையில் எவ்வளவு போட்டோம் என்பதை இந்தக் கணக்கு காட்டிக் கொடுத்துவிடும். நூறு கிலோ வரை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று லாயத்தில் கட்டாயம் தொங்க வேண்டும்.

எச்சரிக்கை: குதிரை கொழுத்திருக்கிறது என்பதற்காகப் பட்டினி போடாதீர்கள். கொழுத்த மட்டக்குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் உடற்கொழுப்பு கரைந்து ரத்தத்தில் வெள்ளமெனக் கலந்து கல்லீரலைத் தாக்கும், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் வேறு சொன்னாலொழிய 1.5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

4. புல்லைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனெனில் மாட்டுக்கு நல்ல புல் எல்லாம் குதிரைக்கு நல்ல புல் அல்ல.

கம்பு நேப்பியர் வகைகளான கோ 4, கோ 5, சூப்பர் நேப்பியர் ஆகியவை எங்கும் கிடைக்கின்றன, விலையும் குறைவு. ஆனால் அவற்றில் ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் அதிகம். ஆக்சலேட் புல்லில் உள்ள சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் பெருமளவு சிதைத்துவிடுவதால் மாட்டுக்குச் சிக்கல் குறைவு. குதிரைக்கு அந்த வயிறு இல்லை. மாதக்கணக்கில் இந்தப் புல் மட்டுமே தின்னும் குதிரை, ரத்தத்துக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்து உருவத் தொடங்கும். முதலில் நடை விறைக்கும். இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று நொண்டும். பிறகு கன்னத்துக்கு மேலுள்ள முக எலும்பு இருபுறமும் வீங்கும். நொண்டலைப் பார்த்து லாடத்தையும் தரையையும் பழிப்பவர்கள் அதிகம்; தொட்டியில் கிடக்கும் புல்லைப் பார்ப்பவர்கள் குறைவு.

காங்கேயம், தாராபுரம் வட்டார மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளின் பெருமைக்குரிய கொழுக்கட்டைப் புல்லும், கினியாப் புல்லும் இதே ஆக்சலேட் வரிசையில் வருபவையே. இவற்றை அறவே விலக்க வேண்டியதில்லை, ஆனால் இவற்றை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது. கொறங்காட்டில் குதிரை மேய்ந்தால், அது நடந்து திரிந்து பலவகைச் செடிகளைத் தின்பதே பெரிய நன்மை. சுண்ணாம்புச்சத்தைத் தனியாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டால் போதும்.

கவலையின்றி அடித்தளமாக வைக்கத்தக்கவை அருகம்புல்லும் ரோட்ஸ் புல்லும். இரண்டிலும் ஆக்சலேட் குறைவு, காய வைப்பதும் எளிது. வாய்க்கால் ஓரத்து அருகு என்றால் களைக்கொல்லி அடித்த இடமா என்று விசாரித்த பிறகே அறுங்கள்.

இவற்றோடு புரதத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஒரு பயறுவகைத் தீவனம் வேண்டும். குதிரைமசால் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காத இடங்களில் நன்கு காய்ந்த கடலைக்கொடி அந்த இடத்தை நிரப்பும். உலர் கணக்கில் மொத்த நாரில் ஐந்தில் ஒரு பங்கு போதும். கடலைக்கொடியில் இரண்டு ஆபத்துகள் உண்டு: வேரோடு ஒட்டிய மண், மழையில் நனைந்ததால் பிடித்த பூஞ்சணம். கட்டைப் பிரித்து உதறுங்கள். சாம்பல் நிறத் தூசி பறந்து தும்மல் வந்தால் அந்தக் கட்டு குதிரைக்கு ஆகாது. மண் உள்ளே போகிறதா என்று பார்க்க, தரையைத் தொடாத லத்தி உருண்டைகள் சிலவற்றைக் கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரில் கரைத்துச் சற்று நேரம் விடுங்கள். அடியில் மணல் படிந்தால், தொட்டியையும் தரையையும் மாற்ற வேண்டும்.

விலக்க வேண்டியவை. பச்சைச் சோளப்பயிரும் கோ எஃப்எஸ் 29 போன்ற மறுதாம்புச் சோளங்களும் இளம்பருவத்திலும் வறட்சியிலும் சயனைடு நஞ்சு கொண்டவை. தொடர்ந்து மேய்ந்த குதிரைக்குச் சிறுநீர்ப்பை அழற்சியும் பின்னங்கால் தள்ளாட்டமும் வரும். சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் சொல்லப்படும் மரத்தின் தழையை ஆட்டுக்கு ஒடித்துப் போடும் பழக்கத்தில் குதிரைக்கும் போடுகிறார்கள். அதில் உள்ள மைமோசின் பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்த்துவிடும். மக்காச்சோள ஊறுகாய்ப் புல் (சைலேஜ்) மாட்டுக்கானது. மாவுச்சத்தும் அதிகம், கெட்டுப்போன மூட்டை குதிரையைக் கொன்றுவிடவும் கூடும். நெல் வைக்கோல் மட்டுமே கொடுத்தால் சத்தும் இல்லை, குடல் அடைப்புக்கும் வழி; வேறு புல்லோடு சிறிதளவு கலக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: மாட்டுக் கலப்புத் தீவனத்தையும் கோழித் தீவனத்தையும் குதிரையின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத்தைப் பாழாக்கும்.

5. மாதிரிப் பரிசோதனையும் செலவும்

ஒரே இடத்திலிருந்து மாதக்கணக்குக்குப் புல் வாங்குவதாக இருந்தால், மொத்தத்தையும் வாங்குவதற்கு முன் பரிசோதிப்பது நல்லது. பல கட்டுகளின் நடுப்பகுதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கலந்து, அரைக் கிலோ அளவு சுத்தமான பையில் போட்டு, புல்லின் பெயர், அறுத்த தேதி, விற்றவர் ஊர் எழுதி அனுப்புங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மாதிரி அனுப்பும் முன் கட்டணத்தையும், அறிக்கை வரும் நாளையும், சர்க்கரையும் மாவுச்சத்தும் தனியே பார்ப்பார்களா என்பதையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அறிக்கையில் நார்ச்சத்து, புரதம், சுண்ணாம்பு, பாஸ்பரஸ் ஆகியவை கட்டாயம் வேண்டும். கரையும் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து உலர் எடையில் 10 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருந்தால், குளம்பு அழற்சி வந்த குதிரைக்கும் அந்தப் புல் ஆகும்.

செலவை எப்போதும் உலர் கிலோவுக்குக் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, பச்சைப் புல் கிலோ 5 ரூபாய், காய்ந்த புல் கிலோ 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதலாவது மலிவாகத் தோன்றும். ஆனால் உலர் கணக்கில் பச்சைப் புல் 25 ரூபாய், காய்ந்த புல் 17 ரூபாய்க்கும் குறைவு. நாம் அளந்த குதிரைக்கு மாதம் ஏறக்குறைய 216 கிலோ காய்ந்த புல் தேவை; 15 ரூபாய்க் கணக்கில் 3,240 ரூபாய். இதிலிருந்து கொள்ளு, தவிடு, வெல்லத்துக்கு இதுவரை ஆன செலவைக் கழித்தால்தான் உண்மையான கூடுதல் செலவு தெரியும்.

6. மூன்று வார மாற்றம்

குதிரையின் பெருங்குடலில் நாரைச் சிதைப்பவை நுண்ணுயிர்கள்; புதிய தீவனத்துக்கு ஏற்ப அவை மாற நாள் பிடிக்கும். நாளொன்றுக்கு 3 கிலோ கொள்ளும் தவிடும் (கீழே ‘தானியம்’ என்பது இவை இரண்டும் சேர்ந்தது) தின்னும் குதிரையை இப்படி மாற்றலாம்.

முதல் 4 நாள்: அளவைக் குறைக்காமல் மூன்று வேளையாகப் பிரியுங்கள். வெல்லத்தை நிறுத்திவிடுங்கள். புதிய புல்லை மொத்த நாரில் கால் பங்கு சேருங்கள்.

5 முதல் 9 ஆம் நாள் வரை: தானியம் 2.25 கிலோ, புதிய புல் பாதி.

10 முதல் 14 ஆம் நாள் வரை: தானியம் 1.5 கிலோ, புதிய புல் முக்கால் பங்கு.

15 முதல் 19 ஆம் நாள் வரை: தானியம் 750 கிராம், முழுதும் புதிய புல்.

20 ஆம் நாளிலிருந்து: தாது உப்பைக் கலந்து கொடுக்கத் தேவையான ஒரு கையளவு ஊறவைத்த தீவனம் மட்டும்.

லத்தி தளர்ந்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ, இருக்கும் கட்டத்திலேயே மேலும் சில நாள் நில்லுங்கள். ஏற்கெனவே குளம்பு அழற்சி இருக்கும் குதிரைக்கு மட்டும் இந்தப் பட்டியல் பொருந்தாது; தானியத்தையும் வெல்லத்தையும் உடனே நிறுத்தலாம். தானியத்தை விரைவாக நிறுத்துவதைவிடப் புதிய தீவனத்தை விரைவாகப் புகுத்துவதே குடலுக்கு ஆபத்து. சந்தை, ஊர்வலம், இடமாற்றம் இருக்கும் வாரத்தில் இந்த மாற்றத்தைத் தொடங்காதீர்கள்.

கடினமாக வேலை செய்யும் குதிரை இதில் மெலிந்தால், கொள்ளுக்குத் திரும்ப வேண்டியதில்லை. தேங்காய்ப் புண்ணாக்கில் மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைவு, நாரும் எண்ணெயும் உண்டு. 250 கிராமில் தொடங்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள். சிக்கு நாற்றம் அடித்தாலோ பச்சையாகப் பூத்திருந்தாலோ வேண்டாம். பூஞ்சணத்தோடு அஃப்ளாடாக்சின் நஞ்சும் வந்துவிடும்.

7. உப்பு, சுண்ணாம்பு, தண்ணீர்

கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. ஆக்சலேட் மிகுந்த புல்லோடு தவிடும் சேர்ந்தால் எலும்புக்கு இரட்டை அடி. மொத்தத் தீவனத்தில் பாஸ்பரஸைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு சுண்ணாம்பு இருக்கும்படி, பரிசோதனை அறிக்கையைக் காட்டி மருத்துவரிடம் அளவு எழுதி வாங்குங்கள். குதிரைக்கென்றே செய்யப்பட்ட தாது உப்புக் கலவையைக் கேளுங்கள்.

சாதாரண உப்பு நாளொன்றுக்கு, நூறு கிலோ உடல் எடைக்கு 10 கிராம். வியர்க்கும் நாளில் கூடுதலாக. காய்ந்த புல்லுக்கு மாறினால் குடிக்கும் தண்ணீர் வெகுவாகக் கூடும், தொட்டி எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் குடல் அடைத்துக்கொள்ளும்.

8. கொடுக்கும் முறை

குதிரைக்கு மெல்லும்போது மட்டுமே உமிழ்நீர் சுரக்கும். வயிற்றின் அமிலமோ எந்நேரமும் சுரக்கும். ஆகவே நான்கு மணி நேரத்துக்கு மேல் வாய் சும்மா இருக்கக் கூடாது. இரவுக்கான பங்கைப் பெரிதாக வைத்து, சிறு கண் கொண்ட வலைப்பையில் கட்டினால் விடியும்வரை வரும். மெல்லிய மீன்வலை நூல் உதட்டை அறுக்கும். தடித்த நைலான் கயிற்றில், மூன்று நான்கு சென்டிமீட்டர் கண்ணோடு பின்னச் சொல்லுங்கள். லாடம் அடித்த குதிரைக்கு வலையைக் கால் சிக்காத உயரத்தில் கட்டுங்கள். புல்லை இயந்திரத்தில் பொடிப்பொடியாக நறுக்காதீர்கள். மெல்லாமல் விழுங்கித் தொண்டையில் அடைக்கும். நறுக்கிய பச்சைப் புல்லைக் குவித்து வைத்தால் சில மணி நேரத்தில் உள்ளே சூடேறிப் புளிக்கும், அதைக் கொடுக்கவே கூடாது.

புல்லைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை வடிக்கும் முறை குளிர்நாட்டுப் புல்லுக்கே அதிகம் பயன்படும். நம் புற்கள் சேமிப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அது தண்ணீரில் எளிதில் கரையாது. ஊறவைத்தே ஆக வேண்டுமென்றால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும், நம் வெயிலில் அதற்கு மேல் புளித்துவிடும்.

9. சேமிப்பு

ஆடிப்பட்டக் கடலை பிடுங்கும் காலம் பல இடங்களில் வடகிழக்குப் பருவமழையோடு மோதும். அப்போது மலிவாக வரும் கொடியில் பெரும்பகுதி நனைந்தது. தை, மாசி வெயிலில் காய்ந்ததை வாங்கி, மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். ஐப்பசி பிறக்கும் முன் மூன்று மாதத்துக்கான இருப்பு இருந்தால், மழைக்காலத்தில் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்ற வேண்டியிராது.

10. கவனிப்பும் கால அளவும்

தொட்டியைத் தொடாமல் நிற்பது, தரையைக் காலால் பறிப்பது, விலாவைத் திரும்பிப் பார்ப்பது, புரள்வது, லத்தி நின்றுபோவது ஆகியவை வயிற்றுவலியின் அடையாளங்கள். தீவனத்தை எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் பேசலாம். கை வைத்தியமாக எண்ணெயை வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

லத்தியின் மாற்றம் ஓரிரு வாரத்தில் தெரியும். பிடரிக் கொழுப்பு இளக மாதங்கள் ஆகும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வளர்வதால், முன்குளம்பு முழுதும் புதிதாக இறங்க ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை பிடிக்கும். மாதம் ஒருமுறை நான்கு குளம்பையும் பக்கவாட்டில் படமெடுத்துத் தேதியோடு வைத்திருங்கள். மாற்றத்துக்குப் பின் மேலிருந்து இறங்கும் புது வளர்ச்சி, பழையதைவிட நேராகவும் வரிவளையம் இன்றியும் இருக்கிறதா என்று லாடக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவர் வரும் நாளையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.